யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோண்டாவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் இரண்டு மூன்று மோட்டார் சைக்கிளாவது வந்து நிற்கும். நான் கராஜ் நடத்துபவன் இல்லை. இருபத்தைந்து வருடமாக ஓடுகிறேன், கழற்றிப் பூட்டுகிறேன், அவ்வளவுதான். அப்பாவின் பழைய ஹொண்டா எம்.டி.90 ஒன்றும், என்னுடைய பல்சர் 150 ஒன்றும் வீட்டில் நிற்கின்றன. வருகிற தம்பிமார் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கம்பனிப் புத்தகத்தில் இத்தனை கிலோமீற்றருக்கு இன்னது செய் என்று இருக்கிறது. அதன்படி செய்தால் போதாதா?

போதாது. அந்தப் புத்தகம் எல்லா ஊருக்கும் சேர்த்து எழுதியது. நமது குடாநாட்டில் கடலோ களப்போ எந்தப் பக்கம் போனாலும் சில கிலோமீற்றருக்குள் வந்துவிடும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் ஒரு கிழமை துடைக்காமல் விட்ட கண்ணாடியைத் தடவிப் பாருங்கள், விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். அது உப்பு. வண்டி ஓடாமல் நின்றாலும் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அதனால் இங்கே கிலோமீற்றரை மட்டும் பார்த்துப் பராமரிப்புச் செய்யக்கூடாது, கலண்டரையும் பார்க்கவேண்டும். கீழே வருகிற பதில்களில் பாதி இந்த ஒரு விசயத்திலிருந்துதான் பிறக்கிறது.

அப்படியானால் உப்பு எங்கே முதலில் பிடிக்கும்?

வெளியில் தெரியும் இடத்தில் இல்லை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெயிலும் காற்றும் படும் இடம் காய்ந்துவிடும், மூடிய இடம் காயாது. பின் மட்காட்டின் உட்பக்கம், சென்ரர் ஸ்டாண்ட் பூட்டும் இடம், சைலன்சரின் அடிப்பக்கம், கம்பிச் சில்லானால் ஸ்போக் நிப்பிள்கள், சீற்றுக்குக் கீழே பற்றரிப் பெட்டி: இந்த இடங்களைக் குனிந்து பாருங்கள்.

இன்னுமொரு இடம் இருக்கிறது. இயந்திரத்தின் உடம்பு அலுமினியம், அதில் பூட்டியிருக்கும் போல்ற் இரும்பு. இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் நின்றால் அலுமினியம் அரித்து, வெள்ளை மாவாகப் பூத்து, போல்ற்றை இறுக்கிப் பிடித்துவிடும். நாலு வருடம் கழித்துக் கழற்றப் போனால் தலை முறியும். நான் எந்தப் போல்ற்றைக் கழற்றினாலும், திருப்பிப் பூட்டுமுன் புரியில் ஒரு பொட்டுக் கிறீஸ் தொட்டுவிடுவேன். சிலின்டர் ஹெட்டில் இதைச் செய்யவேண்டாம். அங்கே இறுக்கும் அளவு மாறிப்போகும்.

மின்சார வயர்களின் இணைப்புகளை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். செப்பில் பச்சை பிடித்திருந்தால் சுரண்டித் துடைத்து, பற்றரி முனைகளில் வாஸ்லின் பூசிவிடுங்கள். "செல்ப் வேலை செய்யுதில்லை, பற்றரி போச்சு" என்று சொல்லி வருகிறவர்களில் பலருக்குப் பற்றரியில் ஒரு குறையும் இருப்பதில்லை. எர்த் வயர் பூட்டிய இடத்தில் துருப் பிடித்திருக்கும். அதைச் சுரண்டிப் பூட்டினால் ஸ்ராட்டர் துள்ளி எழும்பும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவவேண்டும்?

ஊருக்குள் மட்டும் ஓடினால் பத்து நாளுக்கு ஒருமுறை. தீவுப்பக்கமோ, கசூரினா, மணற்காடு மாதிரிக் கடற்கரைக்கோ போய் வந்தால் அன்றைக்கே கழுவவேண்டும். இரவாகிவிட்டால் அடிப்பக்கத்துக்கு மட்டுமாவது இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுங்கள்.

நல்ல தண்ணீர் என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். நமது கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இருக்கின்றன. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு, வெயிலில் காயவிட்ட பெற்றோல் ராங்கிலும் வட்டம் வட்டமாகப் படியும். கரையோரக் கிணறுகளில் உவரும் சேர்ந்திருக்கும். அந்தத் தண்ணீரால் கழுவிவிட்டுத் துடைக்காமல் விடுவதைவிடக் கழுவாமல் விடலாம். நிழலில் நிறுத்திக் கழுவி, பழைய பருத்திச் சாரத்தால் உடனே ஒற்றி எடுங்கள். பிறகு ஐந்து நிமிடம் ஓடிவிட்டு வந்தால் பிரேக் ட்ரம், செயின், சைலன்சர் எல்லாம் காய்ந்துவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி வாளியை அதில் ஊற்றுங்கள், வித்தியாசம் தெரியும்.

பிரஷர் வாட்டர் அடிக்கிற இடங்களில் சில்லின் நடுவிலும் செயினிலும் கிட்ட வைத்து அடிக்க விடாதீர்கள். பெயரிங்கின் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனால், கிறீஸ் கழுவுப்பட்டு மூன்று மாதத்தில் சத்தம் வரும்.

ஒயில் என்ன போடுவது? எப்போது மாற்றுவது?

புத்தகத்தில் போட்ட தரம்தான். பல்சர், சி.ரி.100 போன்றவற்றுக்கு 20டபிள்யூ-50, பல ஹொண்டாக்களுக்கு 10டபிள்யூ-30. அதைவிட முக்கியம், போத்தலின் பின்பக்கத்தில் ஜாசோ என்ற ஜப்பான் தரக் குறியீட்டில் எம்.ஏ அல்லது எம்.ஏ2 என்று இருக்கிறதா என்று பார்ப்பது. கியர் வண்டிகளில் கிளட்ச் தட்டுகளும் அதே ஒயிலில்தான் நனைந்துகொண்டு ஓடுகின்றன. காருக்கான ஒயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். அது கிளட்சை வழுக்க வைக்கும். டியோ மாதிரி ஸ்கூட்டருக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அதன் கிளட்ச் வெளியே உலர்ந்து நிற்கிறது. அதற்கு எம்.பி என்று குறித்த ஒயில் வரும்.

மாற்றும் காலத்தில்தான் என் கருத்து கடைக்காரரோடு ஒத்துப்போவதில்லை. நம்மில் அதிகம் பேர் ஓடுவது நாலு கிலோமீற்றர், ஐந்து கிலோமீற்றர். வீட்டிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து பள்ளிக்கூடம். இயந்திரம் ஒழுங்காகச் சூடேற முன்னமே நிறுத்திவிடுகிறோம். உள்ளே ஒடுங்கிய ஈரமும் எரியாத பெற்றோலும் ஆவியாகிப் போக நேரம் கிடைப்பதில்லை, ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் மூடியின் உட்பக்கத்தில் மாரி காலத்தில் பால் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள், அது இதுதான். அதனால் 2500 கிலோமீற்றர் அல்லது ஐந்து மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுகிறேன். விலைகூடிய ஒயிலைப் போட்டு ஒரு வருடம் இழுப்பதைவிட, சாதாரண நல்ல ஒயிலை நேரத்துக்கு மாற்றுவது மேல். கிழமைக்கு ஒருநாளாவது இருபது கிலோமீற்றர் ஒரே மூச்சில் ஓடிக்கொடுங்கள்.

செயினை எவ்வளவு இறுக்குவது?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பட்டு வந்த பாடம்.

ஒருமுறை பல்சரைச் சேவிஸுக்கு விட்டு எடுத்தேன். செயின் வயலின் நரம்பு மாதிரி விறைப்பாக நின்றது. "தளர்ந்து கிடந்தது, நல்லா இறுக்கிவிட்டம்" என்றார்கள். நானும் சந்தோசமாக அடுத்தநாள் மனைவியோடு நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவான் படகுத்துறையை நோக்கி வெளிக்கிட்டேன். வேலணை தாண்டியதும் பின்னால் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். பள்ளம் விழும்போதெல்லாம் சத்தம் கூடியது. புங்குடுதீவில் நிறுத்தித் தொட்டுப் பார்த்தால் செயின் கை வைக்க முடியாத சூடு. வலை பிரித்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் ஸ்பனர் தந்தார். தளர்த்தி, மெதுவாக ஓடித் திரும்பினேன். ஆனால் கியர்பொக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டின் பெயரிங் அன்றைக்கே கெட்டுவிட்டது. பிறகு இயந்திரத்தைப் பிரித்துத்தான் மாற்றவேண்டி வந்தது.

நடந்தது இதுதான். வண்டியில் ஆள் இல்லாதபோது பின் சில்லு கீழே தொங்கி நிற்கும். இரண்டு பேர் ஏறினால் ஷொக் அமுங்கி, பின் சில்லின் அச்சு, அந்தச் சில்லைத் தாங்கும் சுவிங் ஆம் பூட்டிய இடம், முன் பல்லுச் சக்கரம் மூன்றும் ஒரே நேர்கோட்டுக்குக் கிட்ட வரும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம் ஆகக் கூடுவது அப்போதுதான். வெறும் வண்டியில் தளர்வே இல்லாமல் இறுக்கினால், ஆள் ஏறும்போது செயினுக்கு நீள இடமில்லை. ஏதாவது ஒன்று முறியவோ தேயவோ வேண்டும்.

ஆகவே: வண்டியை நிறுத்தி வைத்து, கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சாதாரண நூறு சிசி வண்டிகளுக்கு மொத்த ஆட்டம் 20 முதல் 30 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். அதாவது பெருவிரல் அகலத்துக்குச் சற்றுக் கூட. எப்போதும் இரண்டு பேர் ஓடினால் கூடிய அளவை வையுங்கள். சில்லைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், செயின் எல்லா இடமும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. ஆக இறுகிய இடத்தில்தான் அளவு எடுக்கவேண்டும். இரண்டு பக்கத்து அடையாளக் கோடுகளும் சமமாக நிற்கட்டும். முடிந்ததும் பின் பிரேக்கைப் பாருங்கள். சில்லைப் பின்னால் இழுத்தால் ட்ரம் பிரேக்கின் கம்பியும் இறுகிவிடும், பிரேக் உரசிக்கொண்டே ஓடும். பிரேக் லைற் சுவிச்சும் மாறியிருக்கும். இந்தக் கடைசி இரண்டையும் மறக்காத மெக்கானிக் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

செயினுக்கு 90ஆம் நம்பர் கியர் ஒயில் போதும். ஓடிவிட்டு வந்து செயின் சூடாக இருக்கும்போது, உட்பக்க உருளைகளில் துளித் துளியாக விட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தூசு ஒட்டி அரத்தூளாகிவிடும். கழுவுவதற்கு மண்ணெண்ணெய். ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினானால் பெற்றோல் படவே கூடாது.

ரயருக்கு எவ்வளவு காற்று?

சங்கிலிப் பெட்டியிலோ சுவிங் ஆமிலோ ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவு. பல்சர் 150க்கு நான் முன்னுக்கு 25 பி.எஸ்.ஐ, பின்னுக்குத் தனியே 28, இரண்டு பேருக்கு 32 வைக்கிறேன். வெயிலில் ஓடி வந்த சூட்டோடு அளக்காதீர்கள், காலையில் அளவுங்கள்.

92 பெற்றோலா, 95 பெற்றோலா?

நமது ஊரில் ஓடுகிற 100, 125, 150 சிசி வண்டிகளுக்கு 92 தாராளம். 95 அடித்தால் வேகம் கூடாது. மிச்சப்படும் காசுக்குச் செயின் ஒயில் வாங்குங்கள்.

காபரேற்றர் வண்டி நல்லதா, இன்ஜெக்ஷன் நல்லதா?

காலையில் ஒரே அடியில் ஸ்ராட் ஆகவும், பெற்றோல் கணக்காகக் குடிக்கவும் இன்ஜெக்ஷன் நல்லது. ஆனால் அதற்கு நல்ல பற்றரி வேண்டும், துப்புரவான ராங்க் வேண்டும். உப்புக்காற்றில் உள்ளே துருப்பிடித்த ராங்க், இன்ஜெக்ஷன் பம்புக்கு நஞ்சு. பெற்றோலை அரைராங்குக்குக் கீழே விட்டு நாட்கணக்கில் நிறுத்தாதீர்கள், வெறுமையான பகுதியில்தான் துரு தொடங்கும்.

காபரேற்றரில் எனக்குப் பிரியம் இருப்பதற்குக் காரணம் வேறு. 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபோது, குடாநாட்டில் பெற்றோல் தங்கம் மாதிரி. அப்பா எம்.டி.90ஐ மண்ணெண்ணெயில் ஓடினார். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, குளிர்ந்த இயந்திரத்தில் பற்றாது. ஆகவே மருந்துக் குப்பி ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். காபரேற்றரின் கிண்ணத்துத் திருகாணியைத் தளர்த்தி மிச்ச மண்ணெண்ணெயை வடித்துவிட்டு, சின்னக் குழாயால் நாலைந்து துளி பெற்றோல் உள்ளே விடுவார். இரண்டு உதை. இயந்திரம் பிடித்ததும், கை வைத்துச் சூடு பார்த்து, மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். அந்த மணம் இன்னும் எனக்கு அப்பாவின் மணம்தான். எரியாத மண்ணெண்ணெய் சிலின்டரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அதற்காக அவர் கிழமைக்கு ஒருமுறை ஒயிலைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்ப்பார். ஒயிலை விரலில் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கேயிருந்து வந்தது. இன்ஜெக்ஷன் வண்டியை இப்படியெல்லாம் ஓடியிருக்க முடியாது.

பெற்றோல் சிக்கனத்துக்கு என்ன மாற்றம் செய்யலாம்?

ஒன்றும் பூட்டவேண்டாம். 2022இல் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அப்போது என் பல்சர் லீற்றருக்கு 38 ஓடியது. பின் பிரேக் உரசியதைத் தளர்த்தினேன், எயார் பில்டரைத் தட்டித் துடைத்தேன், வால்வு இடைவெளி பார்த்தேன், காற்று அளவைச் சரி செய்தேன். 45 வந்தது. கிழமைக்கு 28 கிலோமீற்றர் கூடுதலாகக் கிடைத்தது. மாதக் கணக்கில் கியூவில் நின்றவர்களுக்கு 28 கிலோமீற்றர் என்றால் என்ன என்று தெரியும்.

பழைய வண்டி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தில், கரையோரத்தில் அரித்துப்போனவற்றையும் பெயின்ற் அடித்து விற்றார்கள். அதனால் பெயின்ற்றைப் பார்க்காதீர்கள். சின்ன ரோச் லைற் ஒன்றோடு போய் ராங்கின் உள்ளே அடித்துப் பாருங்கள். மட்காட்டுக்குக் கீழே விரலை விட்டுத் தடவுங்கள். சென்ரர் ஸ்டாண்டில் ஏற்றி முன் சில்லைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால், கைப்பிடி திரும்பும் இடத்து ஹெட் பெயரிங் ஆடுகிறதா என்று தெரியும். சசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். ஒரு இலக்கம் மங்கலாக இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.

மாரி வெள்ளத்தில் ஓடலாமா?

சில்லின் நடு அச்சுக்குக் கீழே தண்ணீர் என்றால் முதல் கியரில், அக்சிலேற்றரை விடாமல் ஓடலாம். அதற்கு மேலே என்றால் தள்ளிக்கொண்டு போங்கள். தண்ணீருக்குள் நின்றுவிட்டால் திரும்ப ஸ்ராட் பண்ணவே வேண்டாம். பிளக்கைக் கழற்றி, இரண்டு மூன்று உதை உதைத்து, தண்ணீர் வருகிறதா பாருங்கள். ஸ்கூட்டர்காரர் இன்னும் கவனம், பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும்.

ஓட நல்ல வீதி எது?

என் மனதுக்குப் பிடித்தது பூநகரி வீதி. நாவற்குழியில் ஏ9 வீதியை விட்டு வலப்பக்கம் திரும்பி, கேரதீவு தாண்டி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் களப்பு. விடியற்காலை ஆறு மணிக்குப் போனால் தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் இருக்கும். பல்சரை ஐந்தாம் கியரில் 60இல் விட்டால் கைப்பிடியில் நடுக்கமே இருக்காது, அந்த வண்டி ஆசைப்படுகிற வேகம் அதுதான் என்று தோன்றும். 80இல் கால் மிதியில் ஒரு கூச்சம் தொடங்கும்.

பண்ணைப் பாலத்தில் சோளக காலத்தில் ஓடுவது தனி அனுபவம். தீவுப்பக்கம் போகும்போது காற்று இடப்பக்கத்து முன்னாலிருந்து தள்ளும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் வண்டி இன்னும் அலையும். தோளைத் தளர்த்தி, முழங்காலால் ராங்கை அணைத்து, உடம்பைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் சாய்த்தால் தானாக நேரே போகும். திரும்பி வரும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளும், எதிரே பஸ் வந்தால் அது காற்றை மறைக்கிற அந்த ஒரு நொடியில் வண்டி சட்டென்று வலப்பக்கம் இழுக்கும். அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள்.

எம்.டி.90ஐ நான் பெரிய வீதிக்குக் கொண்டுபோவதில்லை. அது ஒழுங்கைக்குப் பிறந்தது. சின்னச் சில்லு, கிளட்ச் பிடி இல்லாத மூன்று கியர், இருபத்தைந்து முப்பதில் குடுகுடுவென்று போகும். இணுவில் பக்கத்துத் தோட்ட ஒழுங்கைகளில், இறைப்பு மிசின் சத்தமும் புகையிலை மணமும் வருகிற பின்னேரத்தில், அதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது.

கொழும்புக்கு ஓடிப் போகலாமா?

போகலாம், கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். அதிவேக வீதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஏ9இல் மதவாச்சி வரை இறங்கி, அநுராதபுரம், புத்தளம் வழியாகப் போங்கள். விடிய நாலரைக்கு வெளிக்கிட ஆசை வரும், ஆனால் ஆனையிறவு தாண்டிய பிறகு இருட்டில் வீதியில் மாடு படுத்திருக்கும். வெளிச்சம் வந்தபிறகு போங்கள். முதல்நாள் செயினும் காற்றும் பார்த்து, ஒரு மேலதிக பிளக்கும் கிளட்ச் கம்பியும் சீற்றுக்குக் கீழே வையுங்கள். அறுபது கிலோமீற்றருக்கு ஒருமுறை நிறுத்தி இறங்குங்கள், வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். நான் ஒரு தடவை மாங்குளத்தில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோதுதான் பின் அச்சு நட் அரைச் சுற்றுத் தளர்ந்திருப்பதைக் கண்டேன்.